அளவுக்கு வராத கம்பளி

எங்கள் பின்னல் கூடத்தின் ஆண்டு மலருக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிற பெண் வீடு தேடி வந்து கேட்டாள். "நீங்க வேலை பாத்த காலத்துல நடந்த நல்ல விஷயமா ரெண்டு மூணு எழுதுங்க சித்தி, நம்ம பிள்ளைங்க வாசிக்கட்டும்" என்றாள். கூடத்துக்கு நீராவி மேசை வந்துவிட்டதாம். ஈரக் கம்பளியை விரித்து மூடியை இறக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் அளவுக்கு நின்றுவிடுகிறதாம். சந்தோஷம். என் முழங்காலும் விரல் கணுக்களும் போனது அந்த வேலையில்தான். அந்த மேசை முன்னாலேயே வந்திருந்தால் இன்றைக்கு நானும் நிமிர்ந்து நடப்பேன்.

நல்ல விஷயமாக எழுது என்றால் எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

தூத்துக்குடியில் கம்பளிக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மார்கழியிலும் விசிறி போட்டுப் படுக்கிற ஊர் இது. கம்பளி நூல் கப்பலில் வரும். கன்னியர் மடத்துக் கூடத்தில் கடற்கரைப் பெண்கள் அதைக் கையால் பின்னுவார்கள். ஸ்வெட்டரும் தொப்பியும் சால்வையுமாக மறுபடி கப்பல் ஏறிப் பனி பெய்கிற தேசங்களுக்குப் போகும். பின்னியவர்களில் ஒருத்திகூட அதைப் போட்டுப் பார்த்ததில்லை. நான் பின்னுகிறவளும் இல்லை. எனக்குக் கை வேர்க்கும், ஊசி வழுக்கும், வெள்ளை நூல் பழுப்பாகும். அதனால் சலவைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் வேலைக்கு வந்து பழகிய கதை அவ்வளவுதான்.

சலவை என்றால் சும்மா அலசிப் போடுவதில்லை. முதலில் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கம்பளியை முக்கினால், காய்ந்த பிறகு கருவாடு மாதிரி விறைத்து நிற்கும். நல்ல தண்ணீர்தான் வேண்டும். வெளியே தெருக்குழாயில் எங்கள் வீட்டுக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். உள்ளே லாரித் தண்ணீரில் நான் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தொப்பியை அலசிக்கொண்டிருப்பேன். அந்த எரிச்சல் எனக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை.

தண்ணீர் புறங்கைக்குச் சூடாகவும் தெரியக்கூடாது, குளிராகவும் தெரியக்கூடாது. பூந்திக்கொட்டையை ஊற வைத்துக் கசக்கி வடிகட்டிய நுரையில் கம்பளியை அமுக்கி அமுக்கி விட வேண்டும். தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. ஈரக் கம்பளி தன் கனத்தைத் தானே தாங்காது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் சட்டைக் கை முழங்கால் வரைக்கும் நீண்டுவிடும். அடியில் இரண்டு கையையும் கொடுத்து, பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்த வேண்டும். பிறகு துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே முட்டி போட்டு அமுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் பலகை. மரப்பலகையில் சாக்கு விரித்து, மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, துணியில் அழியாத பென்சிலால் கட்டம் போட்டிருக்கும். ஈர ஸ்வெட்டரை அதில் மல்லாக்கப் போட்டு, மார்பு இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று இழுத்து, நெருக்க நெருக்கமாகப் பித்தளை ஊசி குத்துவோம். இரும்பு ஊசி என்றால் கடற்காற்றில் துருப்பிடித்துக் கறை விழுந்துவிடும். ஜன்னலையும் பார்த்துத்தான் திறக்க வேண்டும். ஒரு பக்கக் காற்று கருவாட்டு நாற்றத்தைக் கொண்டுவரும், இன்னொரு பக்கக் காற்று துறைமுகத்து நிலக்கரித் தூசியைக் கொண்டுவரும். கம்பளி இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். நிழலில் காய்ந்த பிறகு ஊசியை எடுத்தால், இழுத்து வைத்த அளவிலேயே நிற்கும்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் ‘அறையிறது’ என்போம். இரண்டு கையையும் விரித்து, ஊசி குத்திக் கிடக்கிற சட்டையைப் பார்த்தால் மாதா கோயிலுக்குப் போகிறவளுக்குச் சிலுவையைத் தவிர வேறென்ன ஞாபகம் வரும்? "ஏளா லூர்து, அந்தப் பலகை அறைஞ்சாச்சா?" என்று என்னைக் கேட்பார்கள். "ரெண்டு கையும் அறைஞ்சாச்சு, கழுத்து பாக்கி." நாள் முழுக்க இப்படித்தான் பேசிக்கொள்வோம். சிஸ்டருக்கு இது ஆகாது. "அளவு பிடிப்பது என்று சொல்லுங்கள்" என்பார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மட்டும் அப்படிச் சொல்வோம்.

சிஸ்டர் பெனடிக்டாவைப் பற்றி எழுத வேண்டும். கூடத்துக்கு அவர்தான் தலைமை. கேரளத்துக்காரர், புத்தகத் தமிழ் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாயங்காலம் பலகை பலகையாக வருவார். ஒரு பலகையில் அளவு பிசகியிருந்தால் வாயைத் திறக்க மாட்டார். பிசகிய இடத்து ஊசி ஒன்றை உருவி, பலகை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் வந்து அந்த ஒற்றை ஊசியைப் பார்த்தால் அந்தப் பலகை தேறவில்லை என்று அர்த்தம். வாய்விட்டுத் திட்டினால் நாமும் மனசுக்குள் நாலு திட்டிவிட்டு ஆறிவிடலாம். அதற்கு இடமே தராத மனுஷி. மறுபடி முக்கி, மறுபடி அறைய வேண்டும். சரியாக இருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு முறை கொதிநீர் விழுந்து ஒரு கட்டுத் தொப்பி கட்டிப்போனது. கட்டிப்போவது என்றால் வெறுமனே சுருங்குவது இல்லை. இழை இழையோடு பின்னிக்கொண்டு, கண்ணியே தெரியாமல், தடித்த ஒரே துணியாக ஆகிவிடும். பெரியவர்கள் தொப்பி தேங்காய் மூடி அளவுக்கு வந்துவிட்டது. அதை விரித்துவிடலாம் என்று நாங்கள் ஒவ்வொருத்தியாக இழுத்துப் பார்த்தோம். சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்தார். "கட்டிப்போனது கட்டிப்போனதுதான். விட்டுவிடுங்கள்" என்றார். அன்றைக்கு அது தொப்பியோடு போயிற்று.

இனி எழுதப்போவதுதான் என் வேலைக்காலத்தில் நடந்தது என்று நான் நினைக்கிற ஒரே காரியம்.

சிசிலி அக்கா பின்னல் பக்கம். எனக்கு மூத்தவள். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகன், ரூபன். கூடத்துக்கு வருமுன் வலை பழுது பார்த்துப் பிழைத்தவள். அந்தப் பழக்கத்தில், ஒரு உருண்டை நூல் முடிந்து அடுத்த உருண்டையைச் சேர்க்கும்போது வலை முடிச்சுப் போட்டுவிடுவாள். கம்பளியில் முடிச்சே கூடாது. இரண்டு முனையையும் சேர்த்துப் பின்னி மறைத்துவிட வேண்டும். சிஸ்டர் அவள் பின்னியதை உள்புறம் திருப்பி, முடிச்சு முடிச்சாக ஊசி குத்தி வைத்து, ஒருவழியாக அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்.

ரூபன் கல்யாணம் முடிந்த கையோடு ஏஜெண்ட் மூலமாகக் குளிர்க்கடலில் போகிற சரக்குக் கப்பலுக்கு வேலைக்குப் போனான். அவனுக்கு மிச்ச நூலில் ஒரு கருநீல ஸ்வெட்டர் பின்னிக்கொள்ள சிஸ்டர் அனுமதித்தார். பின்னி முடித்து என்னிடம் கொண்டுவந்தபோது சிசிலி அக்கா காதோடு சொன்னாள்: "நூல் சேருத எடத்துல எல்லாம் வலை முடிச்சுதான் போட்டிருக்கேன். சிஸ்டர்ட்ட சொல்லிராதளா. கடல்ல போறவனுக்கு அதுதான் நிக்கும்." ரூபனின் சட்டை ஒன்றையும் அளவுக்குக் கொடுத்தாள். நல்ல அகலமான மார்பு அவனுக்கு. சட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அந்த ஸ்வெட்டரை நான்தான் அறைந்தேன்.

மறு வருஷம் அந்தக் கப்பல் புயலில் கவிழ்ந்தது. சிலரை மீட்டார்கள். ரூபனைக் காணவில்லை. சில மாதம் கழித்து அந்த தேசத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் இல்லை என்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மேலே இருந்த ஸ்வெட்டரை மட்டும் அங்குள்ள ஆஸ்பத்திரியில் கொதிநீரில் துவைத்து, எந்திரத்தில் உலர்த்தி, அடையாளம் சொல்வதற்காக அனுப்பி வைத்தார்கள். ஏஜெண்ட் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து சிசிலி அக்கா கையில் கொடுத்தார்.

பையைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னப் பையன் போடுகிற அளவில் ஏதோ இருந்தது. கட்டிப்போயிருந்தது. கருநீலம்தான்.

"இது எம்மவனுது இல்ல" என்றாள் சிசிலி அக்கா. "இது அவனுக்குக் கையிலகூட ஏறாது. எந்தப் பிள்ளையுதோ. பாவம், அதப் பெத்தவட்ட கொண்டு குடுங்க."

அவள் ரத்தத்தை எடுத்து, அந்த உடலிலிருந்து அங்கே எடுத்து வைத்திருப்பதோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னார். அவள் கையை நீட்ட மாட்டேன் என்றுவிட்டாள். கோயில் பங்குச்சாமியார் வந்து சொன்னார், அதற்கும் மாட்டேன் என்றாள். சாகாத பிள்ளைக்குச் சோதனை எதற்கு என்று கேட்டாள்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள் மருமகள் மெர்சி. ஆறுமுகநேரிப் பிள்ளை. புருஷனோடு சரியாக இருந்து பழகக்கூட இல்லை. வயிற்றில் பிள்ளையும் இல்லை. கறுப்பு உடுத்தினால் மாமியார் கத்துவாள், கலர் உடுத்தினால் தெரு பேசும். அவனுக்காக ஒரு பூசை வைக்க முடியாது. வாய்விட்டு அழக்கூட அந்த வீட்டில் அனுமதி இல்லை. "சித்தி, நான் யாருன்னு யாராவது ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு பொஞ்சாதியா, தாலியறுத்தவளா? எதுன்னாலும் இருந்துக்கிடுதேன்" என்று என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

அவளுக்காகத்தான் நான் அந்த ஸ்வெட்டரை வாங்கி உள்புறம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையலோரம், தடித்துப்போன கம்பளிக்குள் கடுகு மாதிரி நெருடியது. வலை முடிச்சு. இன்னும் கொஞ்சம் தடவினேன். இன்னொன்று. சிசிலி அக்காவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். "வலை முடிச்சு இந்தக் கரையில எவளுக்குத்தான் வராது? அந்தக் கப்பல்ல மணப்பாட்டுப் பையன் இல்லியா, வேம்பாத்துப் பையன் இல்லியா?" என்றாள்.

மறுநாள் பிளாஸ்டிக் பையோடு, மெர்சியையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். எல்லாப் பெண்களும் ஊசியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையையும் ரூபனின் அந்தப் பழைய சட்டையையும் என் முன்னால் வைத்தாள்.

"ஏளா லூர்து, நீ தான அன்னைக்கு அறைஞ்ச. இன்னைக்கும் அறை. இந்தச் சட்டை அளவுக்கு இது வந்துட்டுன்னா, நான் ரத்தமும் குடுக்கேன், பூசையும் வைக்கேன், மொட்டக் கழுத்தா இவள இவ அம்மை வீட்டுக்கும் அனுப்பி வைக்கேன். வரலன்னா அது அவனுது இல்ல. பொறவு ஒருத்தியும் எம்முன்னால வாயத் தொறக்கப்படாது."

"அக்கா, இது கட்டிப்போயிருக்கு. அவனுதா இருந்தாலும் வராது. அந்தத் தொப்பிய நீங்களுந்தான பாத்திய?" என்றேன்.

"வந்தா வருது. வரலன்னா அவனுது இல்ல" என்று அதையே சொன்னாள்.

சிஸ்டர் வந்தார். "சிசிலி, கம்பளியைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். அதற்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

"அப்ப நீங்க சொல்லுங்க சிஸ்டர். எம்மவன் செத்துட்டாம்னு நீங்க கண்டியளா?"

சிஸ்டர் பையிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்துப் பலகையில் வைத்தார். என்னிடம் திரும்பி, "செய்து கொடு, லூர்து. எப்போதும் எப்படிச் செய்வாயோ அப்படிச் செய். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எப்போதும் போல்தான் செய்தேன். நல்ல தண்ணீர், புறங்கைப் பதம், பூந்திக்கொட்டை நுரை. நன்றாக ஊறட்டும் என்று விட்டேன். மெர்சி வேலைக்கூடத்துத் தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கம்பளியை ஏந்தி எடுத்த பிறகு தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடிகூட இல்லாத மண் தங்கியிருந்தது. கொதிநீரிலும் எந்திரத்திலும் போகாமல் தையலுக்குள் இருந்த மண். எங்கள் கடற்கரை மணல் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். இது கரிக் கறுப்பாக இருந்தது. மெர்சி அதையே பார்த்தாள். பிறகு தண்ணீரை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மண்ணைக் கைக்குட்டையில் வழித்து முடிந்துகொண்டாள்.

"எனக்கு இது போதும் சித்தி" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஈரக் கம்பளியை ஏந்திக்கொண்டு நின்றேன். கீழே வைக்கவும் முடியவில்லை, அவளைத் தொடவும் முடியவில்லை.

பலகையில் போட்டு இழுத்தேன். கட்டிப்போன கம்பளியை இழுப்பது தோலை இழுப்பது போல. கொஞ்சம் கொடுக்கும், உடனே திரும்பிப் போய்விடும். ஊசியைக் குத்தினால் வளைந்தது. இரண்டு ஊசி சேர்த்துக் குத்தினேன். ஸ்வெட்டரின் கை ரூபன் சட்டையின் முழங்கை மடிப்பைத் தாண்டி வரவில்லை. மார்பில் இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்தது. விரல் நுனியில் ரத்தம் வந்துவிட்டது. வர வேண்டும் என்று நினைத்து இழுத்தேனா, வரக்கூடாது என்று நினைத்து இழுத்தேனா, எனக்கே தெரியவில்லை. மெர்சி முகத்தைப் பார்த்தால் வர வேண்டும் என்று தோன்றும். வாசலில் நிற்கிற சிசிலி அக்காவைப் பார்த்தால் வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கும். எனக்குத் தெரிந்த வேலை முழுவதையும் அந்தக் கம்பளியில் காட்டினேன். அது வரவில்லை.

காய்ந்த பிறகு சிசிலி அக்கா வந்தாள். ரூபனின் சட்டையை அதன்மேல் விரித்தாள். சட்டைக்கு அடியில் ஸ்வெட்டர் இருப்பதே தெரியவில்லை. சட்டை ஓரத்துக்கும் கம்பளி ஓரத்துக்கும் நடுவில் இருந்த வெற்றுத் துணியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை மறக்க நான் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

"அக்கா, இது அவன்தாங்க்கா. இந்த முடிச்ச எனக்குத் தெரியும். நான் அறைஞ்ச சட்டை எனக்குத் தெரியாதா? கொதிதண்ணில போட்டா எதுவுமே இப்படித்தான் ஆவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அளவு வந்துச்சா?"

"வரல."

"பொறவு என்ன? வேலையப் பாரு."

ஊசிகளை அவளே ஒவ்வொன்றாக உருவி என் கையில் தந்தாள். கோயிலுக்குப் போய் மகன் உயிரோடு இருக்கிறான் என்று நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். சாமியார் எப்படி அந்தப் பூசையை வைத்தாரோ, அவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கல்லறைத் திருநாளுக்கு மெர்சி ஒருத்தி மட்டும் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்தக் கறுப்பு மண்ணை அங்கே குழி தோண்டிப் புதைத்ததை நான் பார்த்தேன். பிறகு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு மறுபடி ஒரு வாழ்க்கை அமையும் என்று நினைத்தேன். அமையவில்லை. செத்ததற்குச் சான்று இல்லாத புருஷனை வைத்துக்கொண்டு எந்தக் கோயிலில் மறுகல்யாணத்துக்கு ஓலை வாசிப்பார்கள்? இன்றைக்கும் உப்பளத்துக்குத்தான் வேலைக்குப் போகிறாள்.

மறு வருஷம் சிசிலி அக்கா ஒரு புது ஸ்வெட்டரோடு வந்து நின்றாள். ரூபன் வரும்போது போட வேண்டுமாம். "அவனுக்கு இப்ப கொஞ்சம் சதை வச்சிருக்கும்லா? பழைய சட்டை அளவுக்கு வேண்டாம். கொஞ்சம் கூட்டிப் போடு" என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இன்னொரு முறை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் சிஸ்டர் பலகை பலகையாக வந்தார். எந்த வாடிக்கையாளரின் அளவுக்கும் பொருந்தாத அந்த ஸ்வெட்டரின் முன்னால் நின்றார். ஊசி எதையும் உருவவில்லை. அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் மார்பில் கொஞ்சம் கூடும். சிஸ்டர் மாற்றலாகிப் போய், அங்கேயே இறந்தும் போனார். நான் ஓய்வு பெற்றேன். ஒரு பலகையையும் ஒரு டப்பா பித்தளை ஊசியையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். சிசிலி அக்காவுக்காகத்தான் எடுத்து வந்தேன். வேறு யாருக்காக?

போன மாதமும் வந்தாள். இப்போது கண் தெரியவில்லை. கண்ணி கண்ணியாக விட்டுப்போய், விரல் நுழைகிற ஓட்டைகள். இரண்டு கைகளும் ஒரே நீளத்தில் இல்லை. அதை என் மடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வயசாச்சுல்லா அவனுக்கும். வயிறு விழுந்திருக்கும். அவன் அப்பாவுக்கும் இந்த வயசுலதான் விழுந்துது. போன தடவைக்கு ஒரு விரக்கடை கூட்டிப் போடுளா" என்றாள்.

லாரிக்குச் சொல்லி நல்ல தண்ணீர் வாங்கி, முக்கி, ஏந்தி எடுத்து, முட்டி போட முடியாததால் கையாலேயே அமுக்கி, பலகையில் போட்டேன். புதுக் கம்பளி. இழுத்த இடத்துக்கெல்லாம் வந்தது. மார்பு வந்தது, வயிறு வந்தது, குட்டைக் கையும் நெட்டைக் கையும் சமமாக வந்தது. ஒரு ஊசிகூட வளையவில்லை.

சிசிலி அக்கா குனிந்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை கையால் தடவிப் பார்த்தாள்.

"அளவு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வந்துட்டுக்கா" என்றேன்.